ஜட்ஜய்யா வாய் திறந்த விடுமுறை

ஏசி மெக்கானிக் ஒருவனுக்கு முப்பத்து மூன்றாவது வயதில் கடல் கடந்த கல்லூரியில் இடம் கிடைத்தது. பன்னிரண்டு வருடம் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்தவன், அந்த ஏசி ஏன் குளிர்கிறது என்று புத்தகத்தில் படிக்கப் போனான். "அப்ப இத்தனை நாளா தெரியாமத்தான் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தியா?" என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டு அவளேதான் பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவனைவிடப் பத்து வயது சின்னவர்கள். அவர்கள் வைத்த பெயர் ஜட்ஜய்யா. எவ்வளவு பெரிய ஜோக்குக்கும் வாய் விட்டுச் சிரிக்க மாட்டான். உதடுகளை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு தலையசைப்பு, தீர்ப்பைத் தள்ளி வைத்த மாதிரி. குரூப் ஃபோட்டோக்களில் அவன் மட்டும் யாரையோ ஆயுள் தண்டனைக்கு அனுப்பிவிட்டு வந்து நிற்பான்.

விஷயம் என்னவென்றால், மேல் வரிசை முன்பல் இரண்டும் அவனுடையவை அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துருப்பிடித்த நட்டு ஒன்றோடு மல்லுக்கு நின்றபோது ஸ்பேனர் வழுக்கி வாயில் அடித்தது. அன்றிலிருந்து பல் செட்டுதான். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிறத் தகடு, அதில் இரண்டு பல், பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கி. ஒரு கொக்கி சில மாதங்களாகத் தளர்ந்திருந்தது. பரீட்சை முடியட்டும் என்று விட்டிருந்தான்.

செட்டு விஷயம் தெரிந்து ஒரு சம்பந்தம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அக்கா சட்டம் போட்டாள். "இனிமே யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. கல்யாணம் முடிஞ்சு சாவகாசமா சொல்லிக்கலாம்."

இப்போது பேசி முடித்திருந்த பெண் ஒரு பார்சல் ஆபீசில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். அவளுடைய மதியச் சாப்பாட்டு நேரம் இவனுக்குக் காலை ஒன்பது மணி. இரண்டு மாதமாகத் தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவாள். ஒரு கையில் ஸ்பூன் இருக்கும். அன்றைக்கு வந்து சண்டை போட்ட வாடிக்கையாளர்களைப் போலப் பேசிக் காட்டுவாள். இவனுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்கப் பிடிக்க, சொல்லாமல் வைத்திருக்கும் பல் கனத்துக்கொண்டே போனது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். அதற்குள் அவளுடைய இடைவேளை முடிந்துவிடும்.

இந்த நிலையில்தான் சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை வந்தது. கடற்கரைக்குப் போவதென்று முடிவானது. அறைத்தோழன் ஒருவன், சமையல் அவன் பொறுப்பு என்பதால் அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். புள்ளியியல் படிக்கும் பெண் ஒருத்தி, வாடகைக் காரை ஓட்டுவது அவள். அவள் பெயர் கணக்கு. ஜட்ஜய்யாவைப் பின் சீட்டில் அரிசி மூட்டையோடு உட்கார வைத்து வெள்ளிக்கிழமை மாலையே கூட்டிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வாடகை வீட்டு வாசலில் நின்று அவளுக்குக் கடலைக் காட்டினான்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க. அலை தெரியல" என்றாள்.

"ஃபோன் நனைஞ்சிடும்."

"அப்ப நாளைக்குக் காட்டுங்க. ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்லதான் இருப்போம். அப்பா கடலையே பாத்ததில்ல. சொல்லி வைக்கிறேன்."

பதினோரு மணிக்கு மூன்று பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். முழங்கால் ஆழத்தில் நின்று மாஸ்டர் நீச்சலைப் பற்றி வகுப்பெடுத்தான். "அலை வரும்போது பயப்படக் கூடாது ஜட்ஜய்யா, நெஞ்சை நிமித்திக்கிட்டு..." என்று சொல்லும்போதே ஓர் அலை அவனைக் குப்புறத் தள்ளியது. எழுந்தபோது தலையில் கடற்பாசி, காதில் மணல், கை மட்டும் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தது. ஜட்ஜய்யாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக வாயை முழுதாகத் திறந்து சிரித்தான். அடுத்த அலை நேராக அந்த வாய்க்குள் வந்து, போகும்போது செட்டைக் கொண்டுபோய்விட்டது.

அப்படியே மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மணலை அள்ள ஆரம்பித்தான்.

"என்னண்ணே, என்ன விழுந்துச்சு?" என்று மாஸ்டர் கேட்டான். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"மோதிரமா?" என்றாள் கணக்கு.

இல்லையென்றும் ஆமென்றும் எடுத்துக்கொள்ளக் கூடிய ஓர் ஆட்டு ஆட்டினான். அவர்கள் ஆமென்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஐயோ, பொண்ணு வீட்ல போட்டதா?" என்றான் மாஸ்டர். பிறகு கேட்க வேண்டுமா! அவன் கரையைப் பார்த்துக் கத்தியதில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு குடும்பமே தண்ணீருக்குள் இறங்கியது. குடை விரித்துப் படுத்திருந்த தம்பதி எழுந்து வந்தார்கள். கணக்கு கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டம் கொடுத்தாள். நடுவில், வாயில் பூட்டுப் போட்டவன் போல ஜட்ஜய்யா. ஒரு வார்த்தை சொன்னால் இத்தனை பேரும் கரையேறிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பல் வேண்டியிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரராம். கரையோரமாக அங்குலம் அங்குலமாக நடந்தார். கருவி கீச்சென்றது. தோண்டினார். எழுந்து நின்று, வெயிலில் பளபளக்கும் ஒரு தங்க மோதிரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

கரையே கை தட்டியது. மாஸ்டர் ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். குடை விரித்துப் படுத்திருந்த அம்மாள் தன் கணவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பெரியவர் மோதிரத்தைத் துடைத்து ஜட்ஜய்யாவின் உள்ளங்கையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து கும்பிட்டால் கதை முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் அது வேறு எவனோ எவளுக்கோ போட்ட மோதிரம். அவன் அதைப் பெரியவர் கையிலேயே திருப்பி வைத்தான்.

"இது என்னோடது இல்ல," என்றான் அவர் பாஷையில். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "நான் தேடுனது மோதிரம் இல்ல. பல் ஷெட்டு."

காற்று பல்லிடுக்கில் புகுந்து புறப்பட்டது. மாஸ்டர் அவன் வாயையே பார்த்தான். கணக்கும் பார்த்தாள்.

"அப்ப அரை மணி நேரமா..." என்றாள்.

"ஆமா."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"வாயைத் திறந்தா தெரிஞ்ஷிடுமே!"

அவ்வளவுதான். மாஸ்டர் மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உங்களுக்கு மோதிரமே வந்திருக்கு!" கருவிக்காரப் பெரியவர் எதுவும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் சிரித்துவிட்டு, மோதிரத்தை உயிர்காப்பாளர் குடிசையில் ஒப்படைக்கப் போனார். இன்னும் ஒரு மணி நேரம் பல்லைத் தேடினார்கள். கிடைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டதற்கு, "சொன்னா வருத்தப்படுவீங்க" என்றாள் கணக்கு.

அன்று மதியம் மாஸ்டர் அவனுக்கென்று சோற்றைக் குழைய வடித்தான். கேலி ஓயவில்லை. ஆனால் அதில் குத்தல் இல்லை. எட்டு மாதமாக ஒட்டியே இருந்த உதடுகள் பிரிந்து கிடந்தன. தாடையே இலேசாகிவிட்டது போலிருந்தது.

அந்தச் சுகம் ஞாயிறு காலை ஒன்பது மணி வரைதான். ஃபோன் அடித்தது. வீடியோ. அந்தப் பக்கம் அவளும் அவள் அம்மாவும் கடலைப் பார்த்திராத அப்பாவும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். கையில் எடுத்தான். ஒரு சம்பந்தம் போனது நினைவுக்கு வந்தது. கட் பண்ணினான். 'இங்கே சிக்னல் இல்லை' என்று ஒரு செய்தி அனுப்பினான்.

செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதே நேரத்தில் கணக்கு அவன் பெயரையும் கோத்து ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு ஃபோட்டோவும் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வாசற்படியில் கணக்கு, பக்கத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஜட்ஜய்யா. எடுத்தவன் மாஸ்டர் என்பதால் படத்தில் மாஸ்டர் இல்லை.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்ச? பொண்ணோட அப்பா நம்ம அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டாரு. 'மாப்பிள்ளை மனசு மாறியிருந்தா நேரா சொல்லிடச் சொல்லுங்க, பொண்ணு சாப்பிடல'ங்கறாரு. யாருடா அந்தப் பொண்ணு?"

"அது கணக்கு."

"என்ன கணக்கு?"

"அக்கா, பல்லு கடல்ல போஷ்ஷு."

அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி. உடம்பு சரியில்லன்னு சொல்லு. புது செட்டு கட்டுற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"எந்தப் பல்லை?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "விளையாடாதடா. ஏற்கெனவே ஒண்ணு போச்சு."

"அவ ஷாப்பிடலையாம்க்கா. நான் ஷொல்லிடுறேன்."

திங்கள் காலை ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவனே வீடியோவில் கூப்பிட்டான். எடுத்தாள். பின்னால் பார்சல் அடுக்கு. சாப்பாட்டு டப்பா மூடியே இருந்தது.

"சிக்னல் வந்திடுச்சா?" என்றாள்.

பதில் சொல்லாமல் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்து வாயைத் திறந்து காட்டினான். பிறகு சொன்னான். நட்டு, ஸ்பேனர், செட்டு, போன சம்பந்தம், அலை, மோதிரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ச வரும் இடமெல்லாம் வழுக்கியது. முடித்ததும் அவள் ஃபோனுக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நான் நேத்து ராத்திரி என்னென்னவோ நினைச்சு அழுதேன், தெரியுமா? அந்தப் பொண்ணு என்னைவிட அழகுன்னு வேற தோணுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கும்போதே கோபம் வந்துவிட்டது. "மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்குவாங்க. நான் என்ன சந்தைக்கா வந்தேன்? ரெண்டு மாசமா தினமும் பேசுறவகிட்ட இதைச் சொல்ல முடியலையா உங்களுக்கு?"

"பயம்."

"பல்லுக்குப் பயமா, எனக்குப் பயமா?"

"உங்களுக்குத்தான்."

"அது இருக்கட்டும். அது நல்லதுதான்" என்றாள். டப்பாவைத் திறந்தாள். "எங்க, 'சாதம் சூடா இருக்கு'ன்னு சொல்லுங்க."

"ஷாதம் ஷூடா இருக்கு."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான், ஓட்டையும் தெரிய. பக்கத்துக் கவுன்டர்க்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். இன்னைக்கே. அவரு எதையும் முகத்துல காட்ட மாட்டாரு, அதனால பாத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் அப்பா பஸ் பணிமனையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஜட்ஜய்யா வாசற்படியில் நின்றுகொண்டே அவருக்கும் வாயைத் திறந்து காட்டினான். மாஸ்டரும் கணக்கும் உள்ளே பெட்டி கட்டுவது போல ஓசையில்லாமல் நின்றார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லப் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கார் நின்றபோது அவளுடைய ஃபோன் வந்தது.

"அப்பா என்ன பேசினாரு?"

"நட்டுக்கு முன்னாடியே எண்ணெய் விட்டு ஊற வஷ்ஷியான்னு கேட்டாரு. இல்லன்னேன். திட்டினாரு. அப்புறம் எந்த ஷைஷு ஷ்பேனர், எந்தப் பக்கமா இழுத்தே, கை எங்க வஷ்ஷிருந்தேன்னு..."

"வாடா போடான்னாரா?"

யோசித்துப் பார்த்தான். "ஆமா. நடுவுல 'மடையா'ன்னும் ஒரு தடவை."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது காருக்குள் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

"அப்ப ஒண்ணும் கவலை இல்ல. வேண்டாம்னு நினைக்கிறவங்கள அவரு வாங்க, போங்கன்னுதான் பேசுவாரு" என்றாள்.

மாஸ்டர் முன் சீட்டிலிருந்து விசில் அடித்தான். கணக்கு வண்டியைக் கிளப்பினாள்.