சோளத்தை எரித்தவள்

அந்தக் குளிர்காலம் முழுக்க, கான்சாஸ் சமவெளியில் டெல்ஃபா ஹார்கிரேவ் வீட்டு அடுப்பில் மக்காச்சோளம்தான் எரிந்தது. விளைச்சல் அமோகம். ஆனால் ரயிலில் ஏற்றினால் விற்ற காசு வண்டிக்கூலிக்கே போதாது. நிலக்கரியோ தொட முடியாத விலை. கதிர் கதிராய் அடுப்பில் போடப் போட வீடெங்கும் வறுத்த மணம் கமழும். வெளியே பனி விழுந்து நிலமும் வானமும் ஒன்றாகிக் கிடக்கும். அந்த வெதுவெதுப்பில் அவளுக்குக் கண் செருகும். செருகிய கண்ணுக்குள் யார் யாரோ தட்டேந்தி நிற்பார்கள்.

“தின்ன ஆளில்லாமலா இதை எரிக்கிறோம்?” என்று கணவன் ஆசாவைக் கேட்டாள்.

“ஆளிருக்கு. அவங்க கைக்குப் போய்ச் சேரத்தான் வழியில்ல.”

ஆகஸ்டில் விவசாயிகள் சங்கம் கூட்டம் கூட்டியது. மைல் கணக்கில் குதிரை வண்டிகள் வரிசையாய் ஊர்ந்தன. பொன்னிறப் புழுதியில் முன்வண்டியும் தெரியவில்லை, பின்வண்டியும் தெரியவில்லை. தங்கள் வண்டி தரையில் உருளாமல் மிதந்து போவதாகவே டெல்ஃபாவுக்குத் தோன்றியது.

நகரத்துப் பேச்சாளர் வந்து சேரவில்லை. சங்கத் தலைவர் ஓக்கர்லுண்ட் தலையைச் சொறிந்தார்.

“டெல்ஃபா, நீ ஏறி நாலு வார்த்தை பேசேன். வீட்ல ஆசாவை வாயே திறக்க விடமாட்டியாமே.”

சிரிப்பு அடங்குமுன் அவள் வண்டிமேல் ஏறிவிட்டாள்.

“என் தம்பி பென்சில்வேனியாவுல கரி வெட்டறான். கூலியைக் குறைச்சுட்டாங்களாம். புள்ளைங்க ஒருவேளைதான் சாப்பிடுதுங்கன்னு எழுதியிருக்கான். அவன் வெட்டின கரி எங்களுக்கு எட்டல. நாங்க விளைவிச்ச சோளம் அவனுக்கு எட்டல. அதனால சோளத்தை அடுப்புல போட்டோம். இந்தக் கையாலதான் போட்டேன்.”

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. காற்று புல்லைத் தடவிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்கள் ஒவ்வொருவராய்த் தொப்பியைக் கழற்றினார்கள்.

சங்கத்து உழவர்கள் புதுக் கட்சி கட்டி நின்ற தேர்தல் நவம்பரில் வந்தது. பெண்களுக்கு அதில் ஓட்டில்லை. ஆசாவோ உள்நாட்டுப் போர்க்காலத்திலிருந்து ஒரே கட்சி. அந்தக் கட்சி நடத்திய போரில்தான் அவன் அண்ணன் செத்தான். காலையில் ஓட்டுப் போடப் போனவன், பிணத்தைப் புதைத்துவிட்டு வருகிறவன் போலத் திரும்பி வந்தான்.

“மாத்திப் போட்டுட்டேன். அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுதான் போட்டேன்.”

டெல்ஃபா அவன் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். பொழுது சாயும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

உழவர்களின் புதுக் கட்சி அந்த வருஷம் ஜெயித்தது. ஆறு வருஷம் அவள் கட்சிக் கூட்டம் நடந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போய்ப் பேசினாள். பிறகு கட்சி பெரிய கட்சியொன்றோடு சேர்ந்து, தண்ணீரில் உப்பாய்க் கரைந்தது. சுரங்கத்தை மூடியதும் தம்பி குடும்பத்தோடு இவளிடமே வந்து சேர்ந்தான். ஆசாவும் ஒரு வசந்தத்தில் கண் மூடினான்.

பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோது அவளுக்கு அறுபது தாண்டியிருந்தது. பெயர் பதிகிறவன் கேட்டான்: “எந்தக் கட்சிம்மா?”

“என் கட்சி போய்ச் சேர்ந்து வெகுநாளாச்சு தம்பி. நீ பேரை மட்டும் எழுதிக்கோ.”

ஓட்டுப் போடும் நாளில் திரைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் இருமிக் காட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை.