டெய்லர் வயிற்றுக் கேஸ்

சாப்பிட்டுக் கை கழுவியதும் டெய்லருக்கு வயிறு கல்லாகிவிடும். மேல்வயிற்றில் ஒரு கை, தையல் மெஷின் மேல் ஒரு கை என்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஒரு ஏப்பம் வந்தால் போதும். "போச்சு, கேஸ்தான்" என்று பெடலை மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு வயிறு வலிக்க இத்தனை காரணம் உண்டென்று அவர் மனைவிக்கு அதுவரை தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாருமே வைத்தியர்கள்தான். மெல்லாமல் அள்ளிப் போட்டுக்கொள்வதால் என்றார் எதிர்க்கடை மெடிக்கல்காரர். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் நாத்தனார். உருளைக்கிழங்கு, வெறும் வயிற்றில் டீ, தின்றவுடன் குனிந்து தைப்பது, அல்சர், பித்தப்பைக் கல். பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், "எல்லாம் மனக்கவலை சார், டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாளே பேன்ட் வேண்டும் என்றார்.

பக்கத்து ஸ்டூலில் பட்டன் கட்டிக்கொண்டிருந்த மனைவி எதையும் நம்பவில்லை. உடம்பு இளைக்க இளைக்க, டெய்லர் தன் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துப் பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தார். "பாரு, மாப்பிள்ளை இடுப்பு" என்று டேப்பைச் சுற்றிக் காட்டிச் சிரிப்பு வேறு. அவள் பட்டனைக் கீழே வைத்தாள்.

"இது கேஸ் இல்லங்க. பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க."

"நான் பகல்னா நீ ராத்திரின்னு நிப்பியே!"

நின்றாள். சோறு போடும்போதெல்லாம் சண்டை போட்டு, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்தே போய்விட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரைப்பையில் புற்று, கல்லீரல் வரை பரவிவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, சத்தமாக, "கேஸ் முத்திப்போச்சு. ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்" என்றார்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நோயாளியையும் கேஸ் என்பார்கள், வாயுவையும் கேஸ் என்பார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெய்லருக்குத் தெரிந்தது ஒரே கேஸ்தான்.

அவள் வெளியே வந்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எல்லாம் கேட்டுச்சுடி. கேஸ் முத்திப்போச்சாம்! இதைத்தானே நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன்? ஆபரேஷன்கூட வேணாமாம். நீதான் ஊரையே கூட்டின."

மனுஷன் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அந்தச் சிரிப்பில் மண்ணை அள்ளிப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தட்டு நிறையச் சோறு கேட்டார். போட்டாள். ஆசை ஆசையாய்த் தின்றார், பாவம். பாதியில் வலி பிடித்து நெற்றி வேர்த்தது. அப்போதும் அசரவில்லை.

"மருந்து குடுத்திருக்காங்கல்ல, சரியாயிடும். கேஸ்தானே. என்ன சொல்ற?"

"ஆமாங்க. நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே வைத்தார் டெய்லர். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஏன்டி ஆமாங்கற?" என்றார். "சண்டை போடேன்டி."