நட்சத்திரம் போடாத அட்டைகள்

வலிக்கு மருந்து கொடுக்கிற இடத்தில் மாத்திரையைக் கொடுப்பது பெரிய வேலையில்லை, கொடுத்த மாத்திரை எங்கே போனது என்று கேட்பதுதான் வேலை.

அப்படிக் கேட்க வேண்டியவள் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படுகிறவள். காலையில் சீரங்கத்தில் என் பாப்பாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போது கண் சொருகும். தண்ணீர் நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று தெரியாது. அந்த மயக்கம் கலையாமலே தில்லை நகரில் இறங்கி, வலி கிளினிக்கின் வாசல் மேஜையில் போய் உட்கார்ந்துவிடுவேன். உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் டோக்கனைப் பிடித்தபடி காத்திருந்திருப்பீர்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கும் கஷ்டம் உண்டுங்க.

காலி அட்டை

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம். பலமான வலி மாத்திரை வாங்கிப் போகிறவர்கள், அடுத்த தடவை காலி அட்டைகளையும் மிச்ச மாத்திரைகளையும் கொண்டுவர வேண்டும். அபின் குடும்பத்து மாத்திரை அது. அளவோடு இருந்தால் வலியைத் தூங்க வைக்கும். மீறினால் ஆளையே தூங்க வைத்துவிடும். அதனால் கொடுக்கும்போதே ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுவேன். திரும்பி வந்ததும் எண்ணி நோட்டில் எழுதுவேன்.

இதைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வரும். தங்களைத் திருடன் என்று நினைக்கிறோமோ என்று சந்தேகம். துறையூரிலிருந்து, இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன ஒரு அம்மா வந்திருந்தார். அட்டையை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாராம். நான் தரையைப் பார்த்துக்கொண்டே விதியை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரேஷன் கடையில கூட, போன மாச அரிசிய எந்தப் பானையில பொங்கினேன்னு காட்டச் சொல்ல மாட்டாங்களேம்மா."

கை தெரியும், முகம் தெரியாது

முகத்தைப் பார்க்காததால் எனக்கு ஆட்களைக் கையை வைத்துத்தான் தெரியும். மேஜை மேல் கைகள் வரும், போகும். மத்தியான வெயிலில் அவை யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்து வருவது போல இருக்கும். ரஹ்மத்துல்லா பாய் கை பெரியது, கட்டை விரல் நகம் கறுத்தது. வளைகுடாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி ஊருக்கு வந்தவர். இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்.

ஒரு நாள் அவர் பையைக் கவிழ்த்தார். நான் கொடுத்தது மூன்று அட்டை, மேஜையில் விழுந்தது ஐந்து. இரண்டில் நட்சத்திரம் இல்லை. வேறு எங்கேயோ வாங்கியிருக்கிறார். கேட்க வேண்டும். அவ்வளவு பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது? நோட்டில் மூன்று என்று எழுதிவிட்டு, அந்த இரண்டையும் குப்பைக்கூடையில் போட்டேன். பாய் எழுந்து போகும்போது சொன்னார்: "நீ ஒண்ணும் கேக்கறதில்ல பாரும்மா, அதான் இங்க வந்தா மனசு லேசா இருக்கு."

பச்சை விளக்கு

மூன்றாம் நாள் அவர் மனைவி சல்மா அக்கா தனியாக வந்தார். முந்தின நாள் சாயங்காலம் பாலத்துப் பக்கம் சிக்னலில் வேன் நின்றிருக்கிறது. உள்ளே எட்டுப் பிள்ளைகள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பாய் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தும் எழவில்லை. ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்து கையை உள்ளே விட்டு சாவியை எடுத்திருக்கிறார். தண்ணீர் அடித்து எழுப்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடிகிற வரை மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்களாம். இப்போது வேன் சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது.

"கட்டிலுக்கு அடியில கிடந்த அட்டைய எல்லாம் நான்தான் பெருக்கி அள்ளி அந்தப் பையில போட்டேன். நீங்க பார்த்துச் சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்த வேனில் பாப்பா இருப்பது போலவும், அவள் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவும் ஒரு நிமிஷம் தெரிந்தது. அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பச்சை விழுந்துச்சு, மாமா தூங்கட்டும்னு நாங்க சத்தமே போடலன்னு சொல்லுதுங்க அந்தப் பிள்ளைங்க."

நான் ஒப்புக்கொண்டது

அக்காவையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போய், இரண்டு அட்டை விஷயத்தைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா நோட்டில் மூன்றை அடித்து ஐந்து என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பாயை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரா என்று அக்கா பயந்தார். "விரட்டினா நேரா மருந்துக் கடைக்குத்தான் போவார். இங்கயே வரட்டும். ஒரேயடியா நிறுத்தவும் கூடாது, மெதுவாக் குறைப்போம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. தாடையைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினார். "மாத்திரை அதிகமானா கண்ணுமணி கடுகு மாதிரி சுருங்கிடும் கலா. நீ கையையே பார்த்துட்டு இருந்தா அது எப்படித் தெரியும்?"

மீன்கள்

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன். சீரங்கத்து மாமி ஒருவர். அவருடைய கணவர் புற்றுநோயில் காலமாகிப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது. மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நிறைய மிச்சம். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். "பழகிடுமோன்னு பயந்துண்டு பாதி பாதியாக் குடுத்தேன். ராத்திரியெல்லாம் முனகிண்டே இருந்தார்" என்றார். சாகப் போகிறவருக்குப் பழகினால் என்ன என்று அவருக்கு முன்பே யாராவது புரியவைத்திருக்கலாம்.

எண்ணி, எழுதி, அழிப்பதற்காக சிஸ்டரிடம் கொடுத்தேன். மாமி ஜன்னலையே பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "அஸ்தியோட சேர்த்துக் கரைச்சுடலாம்னுதான் பார்த்தேன், காவேரில இருக்கற மீன் என்ன பாவம் பண்ணித்துன்னு விட்டுட்டேன்."

குறைப்பு

பாய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் குறைத்தார்கள். மாத்திரை சல்மா அக்கா பீரோவில். வேனை அக்காவின் தம்பி ஓட்டிவிட்டு, சாவியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். குறைக்கும்போதெல்லாம் பாய்க்கு வேர்த்துக் கொட்டும், மூக்கு ஒழுகும், கால் தானாக உதறும். ஒரு தடவை நாற்காலியில் உட்காரவே முடியாமல் நின்றுகொண்டே இருந்தார். டாக்டரம்மா அந்தத் தடவை குறைக்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் இதே அளவில் இருக்கட்டும் என்றார்.

ஒவ்வொரு தடவையும் நான் அவர் கண்ணைப் பார்த்தேன். முதலில் பார்த்தபோது எனக்கும் வேர்த்தது. கண்ணுமணி கடுகிலிருந்து மிளகாகி, பிறகு சாதாரணமாக ஆனது. போன மாதம் அவர் பையைக் கவிழ்க்கவில்லை. நட்சத்திரம் போட்ட அட்டைகளை வரிசையாக வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நட்சத்திரம் இல்லாத ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். அதில் இரண்டு மாத்திரை பிரிக்கப்பட்டிருந்தது, எட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் சல்மா அக்கா நின்றார். வேன் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருந்தது. நான் கேட்க வாயெடுப்பதற்குள் பாய் சொன்னார்: "நானே சொல்லிடறேம்மா, முந்தாநாள் தாங்க முடியாம வாங்கிட்டேன். ரெண்டோட நிறுத்திட்டேன், மிச்சத்த நீ வச்சுக்க."

பாய்க்கு மாத்திரையும் எனக்குக் கூச்சமும் ஒரே வேகத்தில்தான் குறைந்துகொண்டு வருகின்றன, அவசரப்படுத்தினால் இரண்டு பேருக்குமே வேர்க்கிறது.