பால் படாத பந்தி

அணாக் காசு போய் நயா பைசா வந்த வருசம் அது. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்ற வருசம். அந்த வருசம்தான் நம்ம கண்டக்டர் தருமலிங்கம் காசிக்குப் போய் வந்தான். போன வெள்ளிக்கிழமை காலையில் அவன் மகன் போன் பண்ணி, "பெரியப்பா, அப்பா போயிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு" என்று சொன்னபோது, கடைசியாகப் பார்த்த அவன் கிழ முகம் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. மொட்டைத் தலையோடு திருவண்ணாமலை ரயிலடியில் வந்து இறங்கி, என் ஜட்கா வண்டியில் ஏறி, "முனுசாமி, பசி உயிர் போவுது. ஆனா இந்த ஊர்ல இனிமே எங்க சாப்பிடறதுன்னு தெரியலடா" என்றானே, அந்த முகம்தான் வந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாறாம் நாள் கொடுக்கிற நினைவு மலரில் அவனைப் பற்றிப் போட வேண்டும் என்று அவன் பிள்ளைகள் கேட்டார்கள். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். "அவர்னு எழுதட்டுமா தாத்தா?" என்று கேட்டாள். காலமெல்லாம் டேய் போட்டுக் கூப்பிட்டவனை இப்போது அவர் என்றால் அவனே எழுந்து வந்து சிரிப்பான். அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் காசிக்குப் போனது அம்மாவின் அஸ்தியைக் கரைக்க. காசிக்குப் போகிறவர்கள் ஒரு காயோ பழமோ அங்கே விட்டுவிட்டு வருவார்கள், அதைப் பிறகு சாகிற வரைக்கும் தொடக்கூடாது. நம்ம ஆட்கள் கெட்டிக்காரர்கள், பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருவார்கள். தருமலிங்கம் பாலை விட்டான். பாலோடு தயிர், மோர், வெண்ணெய், நெய் எல்லாவற்றையும் விட்டான்.

"ஏண்டா, சுரைக்காயை விட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"எங்கம்மா தயிர்க்கூடை தூக்கித்தான் என்னை வளத்தா. ஒரு நாள் ஒரு வாய் தயிர் அவ தின்னு நான் பாத்ததில்ல. வித்தாதானே சோறு? அவ வாயில படாதது இனிமே என் வாய்க்கும் வேணாம்" என்றான்.

நான் குதிரையைத் தட்டி வண்டியைக் கிளப்பினேன்.

பாலை விட்டுவிடலாம், சாப்பாட்டை விட முடியுமா? அவன் தனிக்கட்டை. தேரடித் தெருவில் ஒரு அறை, அதில் அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் கடைச் சோறு. அப்போது கடைக்காரர்களுக்கெல்லாம் நெய்தான் பெருமை. பொங்கலில் நெய், தோசையில் நெய், குழம்புத் தாளிப்பில் கூட நெய். வடை எடுக்கலாம் என்று போனால் அதைத் தயிரில் மிதக்கவிட்டிருப்பார்கள். முதல் வாரம் முழுக்க வேர்க்கடலையும் வாழைப்பழமும் தின்றுகொண்டே டிக்கெட் கிழித்தான். கன்னம் ஒட்டிப்போனது. "என்ன சாமி, மலையில எந்தக் குகையில ஜாகை?" என்று மற்ற கண்டக்டர்கள் கிண்டல் செய்தார்கள். மாசம் முடிவதற்குள் காப்பி குடித்துவிடுவான் என்று பந்தயமே கட்டினார்கள்.

தருமலிங்கம் அசரவில்லை. லீவு நாளில் என் வண்டியில் ஏறிக்கொள்வான். தெருத் தெருவாகப் போவோம். கடை கண்ணில் பட்டால் அவன் உள்ளே போய் உட்கார மாட்டான். நேரே பின்பக்கம் போய் அடுப்பங்கரையில் நிற்பான். "என்ன எண்ணெய் இது? எதுல தாளிக்கிறீங்க? மாவுல மோர் கலப்பீங்களா?" என்று கேட்பான். இரண்டு இடத்தில் துரத்திவிட்டார்கள். ஒரு இடத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்து ஏதோ இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று பயந்துபோய், கேட்காமலே இலை போட்டு உட்கார வைத்தார்கள். "போர்டைப் பாத்து உக்காராதடா, அடுப்பைப் பாத்து உக்காரு" என்பான் என்னிடம்.

அப்படித் தேடித்தான் திருவூடல் தெருவில் ராணியம்மா இட்லிக் கடை கிடைத்தது. வேர்க்கடலைச் சட்னி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி. முதல் நாள் அங்கே சாப்பிட்டு எழுந்தவன் கை கூடக் கழுவாமல் மலையைப் பார்த்துக் கும்பிட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாய் கிடைத்தார். பால் ஊற்றாத டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார். "காப்பி ஜாஸ்தியானா பித்தம் தம்பி. நீ விட்டது நல்லதுக்குத்தான்" என்பார். ராத்திரிக்குச் செங்கம் ரோட்டில் முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை. ஒவ்வொரு இடம் கிடைக்கும்போதும் எங்களுக்குப் புதையல் எடுத்த மாதிரி இருக்கும்.

மத்தியானச் சாப்பாடு மட்டும் படியவில்லை. சின்னக்கடைத் தெருவில் கிச்சா ஐயர் மெஸ். குழம்பும் கூட்டும் அருமை. ஆனால் இலையில் சோறு விழுந்ததும் ஒரு சொட்டு நெய் விட்டால்தான் அது சுத்தம் என்பது ஐயருடைய கொள்கை.

"நெய் படாத அன்னத்தை நான் பரிமாற மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்றார்.

"நெய் பட்டா அது எனக்குப் பாவமாச்சே சாமி."

"அப்போ வேற கடையைப் பாரு."

தருமலிங்கம் எழுந்திருக்கவில்லை. சோற்றுக்கு மேல் இரண்டு உள்ளங்கையையும் குடை மாதிரி விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐயர் நெய்க் கரண்டியோடு நிற்கிறார், இவன் கையை எடுக்கவில்லை. பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. கடைசியில் ஐயரே திரும்பிப் போய், சாமி படத்துக்குக் கீழே எரிந்த விளக்கில் அந்த நெய்யை விட்டார். "உன் பங்கு அங்கே போயாச்சு. சாப்பிட்டுத் தொலை" என்றார். அன்றிலிருந்து ஐயர் இருந்த வரைக்கும் தருமலிங்கத்தின் நெய் விளக்குக்குத்தான் போனது.

அடுத்து வந்த தை மாசம் கீழ்பென்னாத்தூரில் பெண் பார்க்கப் போனோம். அவன் பக்கம் பெரியவர்கள் யாரும் இல்லை, நான்தான் போனேன். பெண்ணின் அப்பா எல்லப்பன். தொழுவம் நிறைய எருமை கட்டியிருந்தவர். பெண் பச்சையம்மாள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். தருமலிங்கம் அவளைப் பார்த்தான், காது வரைக்கும் சிவந்தான், அப்புறம் பழக்க தோசத்தில், "எனக்கு வேணாங்க" என்றான்.

பெண் பார்க்கிற வீட்டில் காப்பியைத் தொடவில்லை என்றால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பச்சையம்மாள் தட்டோடு உள்ளே ஓடினாள். எல்லப்பனின் அக்கா அலமேலு பிடித்துக்கொண்டாள். "எங்க பொண்ணுக்கு என்னய்யா குறைச்சல்? டிக்கெட் கிழிக்கிறவருக்கு ஜமீன் ஊட்டுப் பொண்ணு கேக்குதோ?" காசிக் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அலமேலு அடங்கினாள். எல்லப்பன் அடங்கவில்லை. "எருமைக்காரன் மருமவன் மோர் குடிக்க மாட்டான்னா ஊரே சிரிக்கும். அது கூடப் போவட்டும். மோர் இல்லாம மனுசன் எப்படிய்யா சோத்தை முடிப்பான்? என் பொண்ணு உனக்கு என்னத்த ஆக்கிப் போடுவா?"

"ஒரு நாள் திருவண்ணாமலைக்கு வந்து எங்கூட சாப்பிட்டுப் பாருங்க மாமா" என்றான் தருமலிங்கம். பெண்ணே முடிவாகவில்லை, அதற்குள் மாமா.

எல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "வரேன். விடிஞ்சதுலேர்ந்து உன் சோறுதான். நான் ஒரே ஒரு தபா வாயைத் தொறந்து மோர் கேட்டேன்னா உனக்குப் பொண்ணு கிடையாது. கேக்கலைன்னா கட்டிக்க."

திரும்பும் வழியெல்லாம் தருமலிங்கம் ஒரே பேச்சுத்தான் பேசினான். "அந்தப் பொண்ணு கண்ணு கலங்கி உள்ள போச்சுடா. அதுக்காவது நான் ஜெயிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் எல்லப்பன், அலமேலு, பச்சையம்மாள் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். பெண்ணை எதற்கு அழைத்து வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. "கோயிலுக்குத்தான்" என்று கேட்காமலே சொன்னாள் அலமேலு.

ராணியம்மா கடையில் எல்லப்பன் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தார். "கடலை எந்த ஊரு?" "உங்க கீழ்பென்னாத்தூருதாங்க" என்றாள் ராணியம்மா. அதற்கப்புறம் அவர் இட்லியை எண்ணவில்லை. காதர் பாய் டீயை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார். "கசாயம் மாதிரி இருக்குது. ஆனா தலை லேசாவுது" என்று டம்ளரைக் காலி செய்தார். எனக்கு வண்டி தரையில் ஓடவில்லை.

மத்தியானம் ஐயர் மெஸ். சேதி பரவி, லீவில் இருந்த கண்டக்டர்களும் ஜட்காக்காரர்களும் முன்னாலேயே வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் ஐயர் வீட்டு மாமியோடு உள்கட்டில். ஐயர் அன்றைக்குப் பந்தி மொத்தத்துக்கும் உரிய நெய்யை விளக்கில் விட்டுவிட்டு வந்தார். விளக்கு திகுதிகு என்று எரிந்தது. பருப்புத் துவையல், வத்தக்குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். எல்லப்பன் ஒவ்வொன்றையும் இரண்டாம் தரம் வாங்கினார்.

ரசம் முடிந்தது. ஐயர் கடைசிச் சோற்றை இலையில் வைத்தார். எல்லப்பன் கை நின்றது.

இந்த இடத்துக்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. ஊரெல்லாம் சுற்றியும் மோருக்கு ஈடாக ஒன்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. தருமலிங்கம் பானகம் கரைத்து வைத்திருந்தான். எல்லப்பன் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டார். "இனிப்பா வேணாம்பா. சில்லுனு, புளிப்பா ஒண்ணு எறங்கினாதான் எனக்கு சாப்பாடு முடியும்." சொல்லிவிட்டு வெறும் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்கினார். "கேக்கப் போறாருடா" என்று எவனோ கிசுகிசுத்தான். தருமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

உள்கட்டுக் கதவு திறந்தது. பச்சையம்மாள் ஒரு சொம்போடு நேரே பந்திக்குள் வந்தாள். யாரையும் பார்க்காமல் அப்பா இலையில் ஊற்றினாள். வெள்ளையாக, நீர்க்க இருந்தது. நறுக்கின சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதந்தன. எல்லப்பன் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெதுவாக விழுங்கினார்.

"மோர் இல்லையே இது?"

"மோர் இல்லப்பா. மாமி பானையில ஊறப்போட்ட பழைய சோத்துத் தண்ணி. உப்புப் போட்டுக் கொண்டாந்தேன். நீ தினம் கொல்லையில ஏர் ஓட்டப் போறதுக்கு முந்தி குடிக்கிறதுதானே?"

"என் மெஸ்ஸில் பந்தியில பழையதா!" என்று ஐயர் தலையில் கை வைத்தார். "நீங்க செத்த சும்மா இருங்கோ" என்று உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது.

எல்லப்பன் மகளைப் பார்த்தார், தருமலிங்கத்தைப் பார்த்தார். "அக்கா, நம்ம பொண்ணு அவன் கட்சிக்குப் போயிடிச்சு" என்று உள்கட்டைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, இலையைச் சொம்புக்கு நேரே நகர்த்தினார். "இன்னும் ஊத்து தாயி."

அந்தப் பந்தி போட்ட சத்தத்தில் தெருவில் அவிழ்த்துவிட்டிருந்த என் குதிரை மிரண்டு ஓடியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிப் பிடித்து வந்தேன். வந்து பார்த்தால் தருமலிங்கம் அதே சோற்றுத் தண்ணியைக் குடித்துக்கொண்டு அழுகிறான், சிரிக்கிறான்.

வைகாசியில் கல்யாணம். பாலும் பழமும் கொடுக்கிற நேரத்தில் அவன் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். சில வருசம் கழித்துப் புருசனும் பெண்டாட்டியும் செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். மலை சுற்ற வந்த விரதக்காரர்கள், சாமியார்கள், எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் அங்கே சாப்பிட்டார்கள். அங்கே பால் இல்லை என்பதைப் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. அதைத்தான் தருமலிங்கம் பெரிய வெற்றி என்பான். "இல்லைன்னு தெரியாத அளவுக்குப் போட்டோம் பாரு" என்பான்.

போன சனிக்கிழமை காலையில் சுடுகாட்டில் பால் தெளிக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொம்போடு கிளம்பினார்கள். வாசலில் ஒரு கை அதை மறித்தது. "அவர் விட்டது விட்டதுதான். எளநீர் கொண்டு போங்க" என்று சொன்னாள். சம்பிரதாயம் என்று ஒரு பெரியவர் இழுத்தார். "எங்க ஊட்டு சம்பிரதாயம் இது" என்றாள். இளநீர்தான் தெளித்தோம்.

நான் இன்றைக்கும் பால் காப்பி குடிக்கிறவன். ஆனால் எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் உட்கார மாட்டேன். அவனிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அதுதான். அன்றைக்குச் சின்னக்கடைத் தெரு மெஸ்ஸில் இருந்தவர்களில் எல்லப்பன் போய்விட்டார், அலமேலு போய்விட்டாள், ஐயரும் மாமியும் பந்தியில் கூடிய மற்றவர்களும் போய்விட்டார்கள், இப்போது தருமலிங்கமும் போய்விட்டான். என்னைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஆள், வாசலில் நின்று அந்தச் சொம்பை மறித்தவள், பச்சையம்மாள்.