பஞ்சு இருமல்

“…உன் டம்ளர்ல குடிக்கல, உன் தட்டுல துன்னல, உன் தறி நாடாவ வெரலால கூட தொடல. அப்புறம் எனக்கு எப்படி மச்சான் வரும்?” என்று என் காதோடு வாயை வைத்துக் கத்தினார் பாவா. கத்திவிட்டு அப்படியே என் கன்னத்தில் இருமினார்.

விசைத்தறிக் கொட்டகையில் வேறு எப்படிப் பேசுவது? பன்னிரண்டு தறி ஓடும்போது காதைக் கடிக்கிற தூரத்தில் நின்றால்தான் பேச்சு கேட்கும். பாவா என் அக்காள் புருஷன், பக்கத்துத் தறி. எனக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை விழுங்கி, சளியில் கிருமி இல்லை என்று சொல்லி அனுப்பியபின் நான் தறிக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த அன்றே என் டம்ளரைத் தனி ஆணியில் மாட்டியவர் அவர்.

ஊர் மட்டும் சும்மா இருந்ததா? டீக்கடைக்காரர், “உனக்கு பார்சல்தாண்ணா, ரோட்டாண்ட போய் குடி” என்றார். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரு அம்மா எழுந்துகொண்டாள். “நீ ஒக்காருப்பா, எனக்கு நின்னுகினு வரதுதான் புடிக்கும்!” சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் என்ன நயமாகச் சொன்னாள் பாருங்கள், இன்னும் மறக்கவில்லை.

எல்லோரும் டம்ளரையே பார்த்தார்கள், கொட்டகை ஜன்னலைப் பார்க்கவில்லை. காற்றடித்தால் நூல் காய்ந்து அறும் என்று அதைக் கோணி போட்டு அடைத்திருந்தோம். மாத்திரை கொடுத்த நர்சம்மா சொன்னது வேறு: “இது தட்டுல ஒட்டிகினு வராதுங்க. இருமினா காத்துல மெதக்கும். மூடின ரூம்ல அங்கயே நிக்கும். மொதல்ல ஜன்னல தொறங்க, அப்புறம் சண்ட போடுங்க.” அதை வந்து சொன்னேன். அறுகிற நூலையெல்லாம் நீ வந்து முடிச்சுப் போடுவாயா என்று பாய்ந்தார்கள்.

இப்போது பாவாவுக்கு மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல் என்றாள் அக்கா. பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் அவர் வீட்டில்தான். இரண்டு மாதக் கைக்குழந்தை. அதை மார்மேல் போட்டுக்கொண்டுதான் அவர் தூங்குவார். திருத்தணி ஆஸ்பத்திரியில், பரிசோதனைக்குச் சளியைத் துப்பித் தர ஒரு டப்பா வாங்கி வந்து நீட்டினேன். அதற்குத்தான் இந்தக் கத்தல்.

“பஞ்சு, மச்சான். பஞ்சு போற தொண்ட இருமாம பாட்டா பாடும்?”

“நானும் மூணு மாசம் பஞ்சுன்னுதான் இருந்தேன் பாவா.”

“ஆங். இருந்து, இருமி, எனக்கு குடுத்துட்ட. குடுத்தவனே வந்து டப்பாவும் நீட்டுற!”

வரவே வராது என்றவர், அடுத்த மூச்சில் நான் கொடுத்தேன் என்கிறார். சிரித்திருப்பேன். ஆனால் இரண்டாவது சொன்னது உண்மையாக இருக்கலாம். அந்த மூன்று மாதமும் இதே கொட்டகையில் அவர் காதில் கத்தியவன் நான்தானே?

“நான் குடுத்ததாவே இருக்கட்டும். நீ பாப்பாவுக்கு குடுத்துடாத.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். தறியை நிறுத்தினார். டப்பாவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்தார். “யார்கிட்டருந்து வந்துச்சுன்னு கேட்டா உன் பேரத்தான் சொல்வேன்” என்றார். வெளியே போய் மகளுக்குப் போன் போட்டார். “என் பாய எடுத்து வெளிய போடு. இன்னிலருந்து பாப்பாவ என்கிட்ட தராத. ஏன் எதுக்குன்னு கேக்காத, வைடி போன” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் வைத்தார்.