ஜன்னலுக்கு முதுகு காட்டி

பாலக்கரையில் நேற்று யாரோ தேர்தல் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் அந்தப் புளித்த வாடை எங்கள் சங்கப் படிப்பகத்தின் வாடை. சாயங்காலமானால் அங்கே ஒருத்தர் உரக்கப் பேப்பர் படிப்பார், மற்றவர்கள் டீயை உறிஞ்சியபடி முதலாளியைத் திட்டுவார்கள், மூலையில் போஸ்டருக்குப் பசை கொதிக்கும். இப்போது அது செல்போன் கடை. ஜன்னலை அடைத்து ஏசி மாட்டிவிட்டார்கள்.

அந்தப் படிப்பகத்துச் சுவரில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம் தொங்கும். வாத்தியாராக இருந்து, சுரங்கத் தொழிலாளிகளுக்காகப் பார்லிமெண்டில் கத்தி, பத்திரிகையும் நடத்திய சோஷலிஸ்ட். போர் வேண்டாம் என்றார். அதற்காகவே, ஓட்டலில் ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒருவன் சுட்டான். கோர்ட் அவனை விட்டுவிட்டது.

மில் தொழிலாளர் சங்கச் செயலாளரான என் அத்தா, அந்தத் தாடிக்காரர் செத்த நாளில் வருஷாவருஷம் படிப்பகத்து ஜன்னலைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். "செத்துப்போன யாரோ வெள்ளைக்காரருக்கு இவரு பாத்தியா ஓதுறாரு" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

ஸ்ட்ரைக் நடந்த வருஷம், முதலாளியின் ஆட்கள் அத்தாவைத் தீர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாள் வந்ததும், "இன்னைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திடுங்க பாய்" என்று எல்லோரும் கெஞ்சினார்கள். அத்தா திறந்தார். அம்மா சோற்றை வைத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போய் அவர் முதுகுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி புள்ள" என்றார் அத்தா.

"ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்றாள் அம்மா.