இடுப்புள்ள யானை

கண்ணை மூடிக்கொண்டு மரப்பன்றியின் வயிற்றைப் பிடித்துப் பார்த்தார் தச்சர். இன்னும் பருமன். மறுபடி உளியை எடுத்தார்.

பகலெல்லாம் கதவும் ஜன்னலும். பட்டறை வேலை முடிந்தபின், மிஞ்சிய துண்டுகளில் மிருகங்கள். கரடியோ காண்டாமிருகமோ, எதுவானாலும் நடுவில் ஒடுங்கியிருக்கும். கொம்பு கிடையாது. காது மழுங்கல். வால் உடம்போடு ஒட்டியது. ஒடுக்கிய இடத்தில் மரம் பட்டென்று முறிந்தால், "போ, சோம்பேறி" என்று துண்டைத் திட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

அவற்றை வாங்கி விற்கும் பொம்மைக்கடைக்காரிக்குத் தாங்காது.

"யானைக்கு எதுக்குங்க இடுப்பு? பட்டினி போட்டீங்களா?"

"கைக்கு அடங்கணும்ல."

"யார் கைக்கு?"

தச்சர் உப்புத்தாளை எடுத்து யானையின் காதைத் தேய்க்க ஆரம்பித்தார்.

யார் கைக்கு என்பது கூடவே இருக்கும் தங்கைக்குத் தெரியும். மனைவி பிரிந்து போனபோது தூக்கிக்கொண்டு போன மகளுக்கு அப்போது ஒரு வயது. பல் முளைக்கிற நேரம். அகப்பட்டதையெல்லாம், அவர் நீட்டும் ஆள்காட்டி விரலைக்கூட, இறுக்கிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும். அந்தப் பிடிக்குப் பருமன் ஆகாது, அந்த ஈறுக்குக் கூர்மை ஆகாது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவில்லை.

போன வாரம் அவளே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். அன்றிலிருந்து தச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன கொடுப்பது? மான் செய்தார், பிடிக்கவில்லை. நாய் செய்தார், அதுவும் பிடிக்கவில்லை.

"அண்ணே, அவளுக்குப் பதினாறு வயசு. உன் பன்னியைக் கடிக்கவா வர்றா?"

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா காதைத் தேய்ச்சுக்கிட்டிருக்க?"

அவர் உளியைக் கீழே வைத்தார். "அவ கை இப்ப எவ்வளவு இருக்கும்?"

தங்கை கேலியை விட்டுவிட்டுத் தன் கையை விரித்துக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கரடிக்கு முழு வயிறு வைத்துச் செதுக்கினார். யாரோ செய்த கரடி மாதிரி இருந்தது. விடிவதற்குள் அதையும் சீவி ஒடுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்திலிருந்து இறங்கியவள் அவரைவிட உயரம்.

"அப்பாதானே?" என்றாள். புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் நீட்டுவதுபோல வலது கையை நீட்டினாள்.

தச்சர் தன் கையைச் சட்டையில் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். பிறகு சற்றே குனிந்து, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினார்.